தேனீயா, குளவியா?

பினாங்கில் காற்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அது விலங்கியல் வகுப்பாக மாறிவிடும். பேராக் அணி செலாடாங், அதாவது காட்டெருது. பகாங் அணி தோக் காஜா, யானை. திரங்கானு கடலாமை. ஜொகூர் தென்னாட்டுப் புலி. அண்டை மாநிலமான கெடாவுக்குச் சாங் கெனாரி என்று பெயர். கெனாரி என்பது மஞ்சள் நிறச் சிறு பறவை. பினாங்கு அணியின் பெயர் ஹரிமாவ் கும்பாங். மலாய் மொழியில் ஹரிமாவ் என்றால் புலி, கும்பாங் என்றால் வண்டு. இரண்டும் சேர்ந்தால் கருஞ்சிறுத்தை என்று பொருள்.

எதிரணி இரசிகர்களுக்கு இந்தப் பெயர் ஒரு வரம். பினாங்கு தோற்ற மறுநாள், "புலி எங்கே? வண்டு மட்டும்தான் வந்ததா?" என்று கேட்பார்கள். "எங்கள் கெனாரி உங்கள் வண்டைக் கொத்திக்கொண்டு போய்விட்டது" என்று கெடா இரசிகர் சிரிப்பார். பினாங்கு இரசிகரும் வாயடைத்து நிற்க மாட்டார். "கெனாரி தானியம் தின்னும் பறவை. அது வண்டை என்ன செய்துவிடும்?" என்பார். தே தாரேக் குவளைகள் மேசைக்கு வருவதற்குள் இப்படிப் பல சுற்றுகள் முடிந்துவிடும்.

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1974 இறுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது பேராக்கை. அதன்பின் அந்தக் கிண்ணம் தீவுக்குத் திரும்பவில்லை. 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டமும், 2002 இல் எஃப்.ஏ. கிண்ணமும் கிடைத்தன. கெடாவோ 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து மூன்று மூன்று கிண்ணங்களை அள்ளியது. ஆகவே, பாலத்தைக் கடந்து வரும் கெடா இரசிகருக்குப் பேச நிறைய உண்டு. பினாங்கு இரசிகருக்கு நினைக்க நிறைய உண்டு. தோல்வி தரும் வலியை நேராகச் சொல்லிக்கொள்வது கடினம். வண்டும் பறவையும் குறுக்கே வந்து அந்த வலியைச் சிரிப்பாக மாற்றித் தருகின்றன.

சில சமயம் வண்டுக்கும் காலம் வரும். 2016 பிப்ரவரி 16 ஆம் நாள், ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்தில் பினாங்கும் பகாங்கும் மோதின. கோல் கம்பத்திலிருந்து வெகு தொலைவில் பினாங்கிற்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. பைஸ் சுப்ரி உதைத்த பந்து முதலில் ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் புகுந்தது. பூவைத் தேடித் தடுமாறிப் பறக்கும் வண்டின் பாதை அது. உலகின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஸ்காஸ் விருதை அந்தக் கோல் பெற்றது. 2017 ஜனவரியில் சூரிக் நகரில் அவ்விருது அறிவிக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பைஸ் சுப்ரியையே தேர்ந்தெடுத்திருந்தனர்.

அன்றைய ஆட்டத்தில் பினாங்கு 4-1 எனும் கோல் கணக்கில் வென்றது. தோற்றது பகாங், அதாவது யானை. யானையின் காதில் எறும்பு புகுந்தால் என்ன ஆகும் என்பது தமிழர் அறிந்த கதைதான். அன்று எறும்பின் இடத்தில் வண்டு இருந்தது. இதில் ஓர் உண்மையும் கலந்திருக்கிறது. ஆப்பிரிக்க யானைகள் தேனீக்களின் இரைச்சலைக் கேட்டாலே விலகி ஓடுகின்றன. கென்யா நாட்டில் உழவர்கள் தங்கள் நிலத்தைச் சுற்றித் தேன்கூடுகளைக் கம்பியில் தொங்கவிட்டு வேலி அமைத்திருக்கிறார்கள். யானை கம்பியைத் தொட்டால் கூடு அசையும். தேனீக்கள் வெளியே வரும். யானை திரும்பிப் போகும்.

ஜார்ஜ்டவுன் இரசிகர்களின் பேச்சு உள்ளூர் அணிகளோடு நிற்பதில்லை. வார இறுதி இரவுகளில் இங்கிலாந்து ஆட்டங்களும் மேசைக்கு வரும். அங்கே வண்டைவிடக் கூர்மையான இரு பூச்சிகள் இருக்கின்றன. பிரென்ட்ஃபோர்ட் அணிக்குத் தேனீக்கள் என்று பெயர். வாட்ஃபோர்ட் அணிக்குப் பெருங்குளவிகள் என்று பெயர்.

பிரென்ட்ஃபோர்ட் தேனீயானது ஒரு காதுப் பிழையால் என்பார்கள். 1890களில் கல்லூரி மாணவர்கள் சிலர் அந்த அணியில் ஆடிய தங்கள் நண்பரை ஊக்கப்படுத்த வந்தார்களாம். தங்கள் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லி, "முன்னேறு பீ!" என்று கத்தினார்களாம். ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கும் தேனீக்கும் ஒரே ஒலி. செய்தியாளர் தேனீ என்றே எழுதிவிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. வாட்ஃபோர்டின் கதை வேறு. 1959 இல் அவ்வணி மஞ்சளும் கறுப்பும் கலந்த உடைக்கு மாறியது. இரசிகர்களே வாக்களித்துப் பெருங்குளவி என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வாட்ஃபோர்டின் சின்னத்தில் இருப்பது குளவியல்ல, கொம்புள்ள ஆண் மான். அந்த வட்டாரத்தின் பெயரோடு தொடர்புடைய விலங்கு அது. "கொடுக்கைத் தொலைத்துவிட்டுக் கொம்பை வாங்கியவர்கள்" என்று எதிரணியினர் கேலி பேச இது ஒன்றே போதும்.

2021 இல் பிரென்ட்ஃபோர்ட் பிரீமியர் லீக்கில் நுழைந்தது. 1947க்குப் பிறகு அவ்வணி இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில் ஆடியது அப்போதுதான். அதே பருவத்தில் வாட்ஃபோர்டும் அங்கே இருந்தது. ஆகவே, தேனீயும் குளவியும் இரண்டு முறை மோதிக்கொண்டன. முதல் ஆட்டம் 2021 டிசம்பர் 10 ஆம் நாள் இரவு. மலேசியாவில் அப்போது மறுநாள் விடியற்காலை மணி நான்கு. அந்த ஆட்டத்தில் முன்னிலை வகித்தது வாட்ஃபோர்ட். ஆனால், பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு கோலும், கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டியும் அடித்து 2-1 என வென்றது. 2022 ஏப்ரல் 16 ஆம் நாள் நடந்த இரண்டாம் ஆட்டத்திலும் அதே 2-1. அதிலும் வெற்றிக் கோல் 90 நிமிடத்தைத் தாண்டிய பிறகே விழுந்தது.

அந்தப் பருவத்தில் ஒரு குடும்பத்தில் மாமா வாட்ஃபோர்ட் பக்கமும் மருமகன் பிரென்ட்ஃபோர்ட் பக்கமும் இருந்திருந்தால், பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

"என்ன மாமா, உங்க குளவி ரெக்கையைச் சுருட்டிக்கிச்சா?"

"டேய், தேனீ ஒரு தடவை கொட்டினா செத்துப்போகும். எங்க குளவி எத்தனை தடவை வேணும்னாலும் கொட்டும். தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. அதனாலதான் எங்க தேனீ அவசரப்படாம கடைசி நிமிஷத்துல கொட்டுது."

"1983இல எங்க குளவி லீக்குல ரெண்டாவது இடம். அப்ப உன் தேனீ எங்கடா இருந்துச்சு?"

"தேன் சேர்த்துக்கிட்டு இருந்துச்சு மாமா. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேரும்."

இந்த உரையாடலைக் கூர்ந்து பார்த்தால், இருவரும் பொய் எதுவும் சொல்லவில்லை என்பது தெரியும். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு. அது மனிதத் தோலில் குத்தினால் கொடுக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்க முயலும்போது உடலின் ஒரு பகுதியே பிய்ந்துபோகும், தேனீ இறந்துவிடும். குளவியின் கொடுக்கு வழவழப்பானது. அதனால் அது மீண்டும் மீண்டும் கொட்டும். இரண்டிலும் கொட்டுவது பெண் மட்டுமே. ஆணுக்குக் கொடுக்கே இல்லை. 1983 இல் வாட்ஃபோர்ட் இரண்டாம் இடம் பிடித்ததும் உண்மை. நல்ல கிண்டலுக்கு அறிவு வேண்டும் என்பதற்கு மாமாவும் மருமகனும் சான்று. எதிரியின் வரலாறு தெரியாதவனால் எதிரியைச் சிரிக்க வைக்க முடியாது.

மருமகனுக்கு இன்னும் ஒரு செய்தி தெரிந்திருந்தால் மாமா அன்றே தோற்றிருப்பார். ஆசியாவில் வாழும் ஒரு வகைத் தேனீ, தன் கூட்டைத் தாக்க வரும் பெருங்குளவியைக் கொட்டி வெல்வதில்லை. கொடுக்கு அந்தத் தடித்த உடலில் எளிதில் இறங்காது. அதனால் நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒன்றுசேர்ந்து குளவியை ஒரு பந்துபோல் மூடிக்கொள்கின்றன. பிறகு எல்லாம் தங்கள் தசைகளை விடாமல் அதிரச் செய்கின்றன. பந்துக்குள் வெப்பம் 46 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. தேனீ அதைத் தாங்கும். குளவியால் தாங்க முடியாது. ஜப்பானில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். தனியாக நின்றால் தோற்கும் ஒன்று, கூட்டாக நின்றால் வெல்கிறது. காற்பந்துப் பயிற்றுநர் எவரும் இதைவிடச் சிறந்த பாடம் சொல்லிவிட முடியாது.

குளவிக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். தேனைத் தருவதால் தேனீயைப் புகழ்கிறோம். குளவியைக் கண்டால் தீயணைப்பு மீட்புத் துறையை அழைக்கிறோம். வீட்டருகே பெருங்குளவிக் கூடு இருந்தால் அழைக்கத்தான் வேண்டும். அந்தக் கூட்டைக் கலைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனாலும், பயிர்களை அழிக்கும் புழுக்களை வேட்டையாடுவது குளவிதான். அத்திப் பழம் பழுக்கக் காரணமாக இருப்பதும் மிகச் சிறிய ஒரு குளவி இனம். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் முன்னோர் சொன்னார்கள். உண்மையில் அந்தக் குளவி புழுவை மயக்கமடையச் செய்து, தன் குஞ்சுக்கு உணவாகக் கூட்டுக்குள் வைத்துவிடுகிறது. குஞ்சு வளர்ந்து வெளியே வரும்போது, புழுவே குளவியானதுபோல் தோன்றும். அறிவியல் விளக்கம் மாறினாலும், திரும்பத் திரும்பப் படுவது ஒருவரை மாற்றும் என்ற கருத்து மாறவில்லை. அந்த மாற்றம் நன்மைக்கா தீமைக்கா என்பது, படுவது என்ன என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் கிண்டலின் எல்லை பற்றிய கேள்வி எழுகிறது. வாட்ஃபோர்ட் அணிக்கு ஹாரி என்ற குளவிப் பொம்மை உண்டு. குளவி வேடமணிந்த ஒருவர் திடலைச் சுற்றி வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். 2016 டிசம்பர் 26 ஆம் நாள் வாட்ஃபோர்டும் கிரிஸ்டல் பேலஸும் மோதின. கிரிஸ்டல் பேலஸ் ஆட்டக்காரர் வில்ஃபிரட் ஸாஹா, இடிபடாமலேயே விழுந்து நடித்தார் என்று கூறி நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். ஆட்டம் முடிந்ததும் ஹாரி ஸாஹாவின் எதிரில் போய்ப் பொத்தென்று விழுந்து காட்டியது. வாட்ஃபோர்ட் இரசிகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கிரிஸ்டல் பேலஸ் தரப்புக்கு அது சிரிப்பாக இல்லை. ஓர் ஆட்டக்காரரை ஏமாற்றுக்காரர் என்று ஊரறியக் காட்டுவது சரியா என்று கேட்டார்கள். 2018 இல் அதே இரு அணிகள் மீண்டும் சந்திக்கவிருந்தபோது, கிரிஸ்டல் பேலஸின் அன்றைய நிர்வாகி ராய் ஹாட்சன் அந்தச் செயலை வெட்கக்கேடு என்றே கண்டித்தார்.

பிறகு நடந்தது கதைபோல் இருக்கும். 2022 ஜனவரியில் அதே ராய் ஹாட்சன் வாட்ஃபோர்ட் அணியின் நிர்வாகியானார். குளவியைக் கண்டித்தவர் குளவிகளுக்கே தலைவரானார். அந்த மே மாதம் 7 ஆம் நாள் வாட்ஃபோர்ட் கிரிஸ்டல் பேலஸின் திடலில் 1-0 எனத் தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. அந்த ஒரே கோலைப் பெனால்டியில் அடித்தவர் ஸாஹா. கேலிக்கு ஆளானவர் வாயைத் திறக்காமல் காலால் பதில் சொல்லிவிட்டார்.

ஹாரி செய்தது சரியா தவறா என்று இரசிகர்கள் இன்னும் வாதிடலாம். ஆனால், வாதத்துக்கே இடமில்லாத ஒன்றும் உண்டு. 2021 ஜூலை 11 ஆம் நாள் ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றது. உதைத்துத் தவறவிட்ட ரஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா ஆகிய மூவரும் கறுப்பின இளைஞர்கள். அன்றிரவே சமூக ஊடகங்களில் அவர்களுடைய நிறத்தை இழித்துப் பேசும் சொற்கள் குவிந்தன. மான்செஸ்டரில் சுவரில் வரையப்பட்டிருந்த ரஷ்ஃபோர்டின் ஓவியத்தையும் சிலர் சிதைத்தனர். அடுத்த நாளே அவ்வட்டார மக்கள் திரண்டு வந்து அன்புக் கடிதங்களாலும் இதய வடிவ அட்டைகளாலும் அந்தச் சிதைவை மறைத்தார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

வண்டு என்று அழைப்பதற்கும் இந்த வசைக்கும் உள்ள வேறுபாடு எளிது. வண்டு, தேனீ, குளவி எல்லாம் ஓர் அணி தானே சூடிக்கொண்ட பெயர்கள். அவற்றை வைத்துச் சிரித்தால், அந்த அணியின் இரசிகரும் கூடவே சிரிக்கலாம். அடுத்த வாரம் திருப்பியும் கொடுக்கலாம். நிறம், இனம், பிறப்பு ஆகியவை யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல. அவற்றை இகழ்ந்தால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. சேர்ந்து சிரிக்கவும் வழியில்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் கிண்டல். முகம் மறைத்து மட்டுமே எழுதக்கூடிய சொல் வேறு வகை. நாக்கினால் உண்டான காயம் ஆறாது என்று வள்ளுவர் எச்சரித்தபோது கைப்பேசி இல்லை. இப்போது விரல் நுனியும் அந்த வேலையைச் செய்கிறது.

பட்டப்பெயர் ஒருவரை உயர்த்தவும் கூடும். மலேசியாவின் புகழ்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை இரசிகர்கள் ஸ்பைடர்மேன் என்று அழைத்தார்கள். நீண்ட கைகளால் பந்தை வலை பின்னிப் பிடிப்பவர் என்பதால் வந்த பெயர் அது. 1980 ஏப்ரல் 6 ஆம் நாள் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றபோது, கோல் கம்பத்தைக் காத்தவர் அவரே. மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் அங்கே போகவில்லை. 1988 இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே குரலில் சூட்டிய அந்தச் சிலந்திப் பெயர் மட்டும் இன்றும் வாழ்கிறது. உடலின் ஓர் அடையாளத்தைச் சுட்டிய பெயர்தான் அதுவும். ஆனால், அதில் இழிவு இல்லை, வியப்பு இருந்தது. அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் அதில் பெருமை கொண்டார்கள்.

மலேசியத் தோட்டங்களில் கெலுலுட் என்ற சிறிய தேனீயை வளர்க்கிறார்கள். தமிழில் அதைக் கொசுத்தேனீ என்பார்கள். அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. கூட்டைச் சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து மெல்லக் கடிக்கும். சீண்டியவர் தலையை உதறிக்கொண்டு ஓடுவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஓடியவரும் சற்று நேரத்தில் சிரிப்பார். புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் தேனை மக்கள் தேடி வாங்குகிறார்கள். அணிக்குப் பெயர் தேடும் பள்ளிகள் புலியையும் சிங்கத்தையுமே நாடும். கெலுலுட் என்று பெயர் வைக்க எந்த அணியாவது துணிந்தால், அதன் இரசிகர்களுக்குக் கிண்டல் செய்யும் முறையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்காது.